யார் கேட்டார்கள் இந்த மெயிலை?

போனில் விளம்பரத் தொல்லை தாங்கவில்லை என்றால் 1909 என்று ஓர் எண் இருக்கிறது. விளம்பரம் வேண்டாம் என்று அதில் பதிவு செய்துகொள்ளலாம். அதையும் மீறி வந்தால் ஏழு நாளுக்குள் அங்கேயே புகார் கொடுக்கலாம். டெல்லியில் இருக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2010-இலும் 2018-இலும் இதற்கு விதிகள் வகுத்தது. 2025 பிப்ரவரியில் அவற்றை இன்னும் இறுக்கியது. இப்போது எஸ்எம்எஸ் அனுப்புகிறவர் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஆங்கில எழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு.

மின்னஞ்சலுக்கு இதில் எதுவும் கிடையாது. டிராயின் விதிகள் அழைப்போடும் எஸ்எம்எஸ்ஸோடும் நின்றுவிடுகின்றன. அமெரிக்கா 2003-இலேயே தனிச்சட்டம் போட்டுவிட்டது. சிங்கப்பூரில் 2007 முதல், கேளாமல் மொத்தமாக அனுப்பும் விளம்பர மெயிலின் தலைப்பிலேயே இது விளம்பரம் என்ற அடையாளம் இருந்தாக வேண்டும். இலங்கை 2022-இல் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளம்பரச் செய்திகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. இந்தியாவில் ஸ்பேம் மெயிலைத் தடுக்க இன்றுவரை தனிச்சட்டம் இல்லை. அதனால் எது முறையான விளம்பர மெயில், எது ஸ்பேம் என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு அனுப்புகிறவர் தலையிலும் வாங்குகிறவர் தலையிலும்தான் விழுகிறது.

பிரித்துப் பார்ப்பது அப்படியொன்றும் கடினமில்லை. ஐஏஎஸ் தேர்வுக்குப் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து டெல்லி வரும் பிள்ளைகள் பலர் கரோல் பாக், ஓல்ட் ராஜீந்தர் நகர் பக்கம்தான் அறை எடுத்துத் தங்குகிறார்கள். அப்படி வந்த ஒரு மாணவி, 'இலவச மாதிரித் தேர்வு' என்ற அறிவிப்பைப் பார்த்து ஒரு பயிற்சி மையத்தின் படிவத்தை நிரப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெயர், போன் நம்பர், மெயில் முகவரி. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'எங்களிடமிருந்தும் எங்கள் கூட்டாளி நிறுவனங்களிடமிருந்தும் தகவல் பெறச் சம்மதிக்கிறேன்.' பக்கத்தில் இருக்கும் கட்டத்தில் டிக் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கக் கூடாது என்பதற்காகத்தானே அத்தனை பொடி எழுத்து.

முதலில் தேர்வுத் தேதியும் லிங்க்கும் வருகின்றன. அவள் கேட்டது அது. அடுத்த வாரம் மதிப்பெண் வருகிறது. அதுவும் கேட்டதுதான். பிறகு அதே மையத்தின் முழு ஆண்டு வகுப்புக்குக் கட்டணச் சலுகை என்று ஒன்று வருகிறது. இது விளம்பரம். ஆனால் இப்படியும் அனுப்புவோம் என்று படிவத்திலேயே பளிச்சென்று சொல்லி, அவள் கையாலேயே டிக் போட்டிருந்தால், வேண்டாம் என்றதும் நிறுத்தினால், இதில் தப்பு ஒன்றுமில்லை. முறையான மின்னஞ்சல் விளம்பரம் என்பது இதுதான். இன்னொரு வாரம் கழித்து நொய்டாவில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், முன்பதிவுக்கு இன்றே கடைசி நாள் என்று ஒரு மெயில் வந்து நிற்கிறது. அனுப்பியவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவரிடம் அவள் எதையும் கேட்டதில்லை. அது ஸ்பேம்.

அந்த ஃபிளாட் உண்மையாகவே இருக்கலாம், விலையும் நியாயமாக இருக்கலாம். அப்படியிருந்தாலும் அது ஸ்பேம்தான். பலர் குழம்புவது இங்கேதான். மோசடி மெயில் மட்டுமே ஸ்பேம் என்று நினைத்துக்கொண்டு, 'நாங்கள் நல்ல பொருள்தானே விற்கிறோம்' என்று அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். உலகின் முதல் ஸ்பேம் மெயில் என்று சொல்லப்படுவது 1978 மே மாதம் போனது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற பெரிய அமெரிக்க கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தர்க், இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்குப் புதுக் கணினிகளின் அறிமுக நிகழ்ச்சிக்கு அழைப்பு அனுப்பினார். நிறுவனம் நிஜம், கணினிகள் நிஜம், அனுப்பியவர் தன் பெயரையும் மறைக்கவில்லை. ஆனாலும் கண்டனம் குவிந்தது. வாங்கியவர்களில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை என்பதுதான் காரணம்.

காலையில் பேப்பருக்குள் செருகி வரும் நோட்டீஸைப் பார்த்து யாரும் இவ்வளவு கோபப்படுவதில்லையே என்று கேட்கலாம். நோட்டீஸுக்குக் காகிதக் காசு, அச்சுக்கூலி, செருகும் பையனுக்குக் கூலி எல்லாம் கடைக்காரர் கையிலிருந்து போகிறது. அதனால் பத்துத் தெருவோடு நிறுத்திக்கொள்கிறார். மெயிலில் ஆயிரம் பேருக்கு அனுப்புவதற்கும் பத்து லட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. மிச்சச் செலவை வாங்குகிறவர் கொடுக்கிறார், அவருடைய நேரமாக, சர்வர் இடமாக, இந்தக் குப்பைக்குள் புதைந்து தவறிப்போன நேர்முகத் தேர்வு அழைப்பாக. பத்தாயிரத்தில் ஒருவர் வாங்கினாலும் அனுப்பியவருக்கு லாபம். மற்ற 9,999 பேருக்கு என்ன ஆனது என்று அவர் கணக்குப் பார்க்க வேண்டியதே இல்லை. என்னைக் கேட்டால், இந்தத் தொழிலின் அநியாயம் முழுவதும் அந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

டெல்லி உயர் நீதிமன்றம் இந்த அநியாயத்தைச் சட்டம் எதுவும் கையில் இல்லாதபோதே பார்த்துவிட்டது. 2004-இல் டாட்டா சன்ஸ் தொடுத்த வழக்கு, இந்தியாவின் முதல் ஸ்பேம் வழக்கு என்று சட்டம் படிப்பவர்களால் எடுத்துக்காட்டப்படுகிறது. ஸ்பேமைத் தடுக்கச் சட்டம் இல்லாத நிலையில், பிறர் உடைமைமீது அத்துமீறல், பிறருக்குத் தொல்லை விளைவித்தல் என்ற பழைய உரிமையியல் கோட்பாடுகளைத்தான் கையில் எடுக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்து, மெயில் அனுப்பத் தடை விதித்தது நீதிமன்றம். உன் வயலுக்குள் கேளாமல் மாட்டை ஓட்டிவிடுவதற்கு என்ன சட்டமோ, உன் சர்வருக்குள் கேளாமல் மெயிலைத் தள்ளுவதற்கும் அதே சட்டம் என்றாகிறது. இருபது ஆண்டு கழித்தும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிடவில்லை.

அடுத்த ஆண்டே அதே நீதிமன்றத்தில் நாஸ்காம் வழக்கு. ஆள் பிடித்துத் தரும் ஒரு வேலைவாய்ப்பு நிறுவனம், மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமின் பெயரில் மெயில் அனுப்பி ஆட்களின் விவரங்களைச் சேகரித்திருந்தது. நீதிமன்றம் அனுப்பிய ஆணையர் போய்க் கணினிகளின் ஹார்ட் டிஸ்க்கைக் கைப்பற்றினார். கடைசியில் 16 லட்சம் ரூபாய் இழப்பீட்டில் சமரசமாக முடிந்தது. இப்படி அடுத்தவர் வேஷம் கட்டி விவரம் பறிப்பது சட்டவிரோதம் என்று 2005 மார்ச்சில் தீர்ப்பு சொன்னது. நொய்டா ஃபிளாட் மெயிலும் இதுவும் ஒன்றல்ல. அங்கே அனுமதி மட்டும்தான் இல்லை, இங்கே அனுமதியும் இல்லை, ஆளும் பொய். இப்போது இப்படி வேஷம் போட்டு ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை.

சாதாரண ஸ்பேமுக்கும் கொஞ்ச காலம் ஒரு சட்டப்பிரிவு இருந்தது. 2008-இல் சேர்த்த 66ஏ. எரிச்சலோ இடைஞ்சலோ உண்டாக்குவதற்காக மெயில் அனுப்பினாலும், எங்கிருந்து வந்தது என்பதை மறைத்து அனுப்பினாலும் மூன்றாண்டு வரை தண்டனை என்றது. ஆனால் அந்த வலை ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடித்ததாகப் பெரிதாகச் செய்தி வரவில்லை. ஃபேஸ்புக்கில் கருத்துச் சொன்ன பெண்களும் கேலிச்சித்திரக்காரரும்தான் அகப்பட்டார்கள். டெல்லியைச் சேர்ந்த சட்ட மாணவி ஸ்ரேயா சிங்கால் தொடுத்த வழக்கில் 2015 மார்ச் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு முழுவதையும் ரத்து செய்தது. அது சரியான தீர்ப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எரிச்சல் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாரை வேண்டுமானாலும் உள்ளே தள்ளலாம் என்றால் அது சட்டமாகாது. ஆனால் அந்த இடத்தில் ஸ்பேமுக்கு மட்டுமான, அளவாக வெட்டிய ஒரு விதியை நாடாளுமன்றம் அதன்பின் கொண்டுவரவில்லை. அந்தக் குறை நம்மீது இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது, தினமும், இன்பாக்ஸில்.

இப்போது நம்பிக்கை தருவது 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஸ்பேமைத் தடுப்பது அதன் நோக்கம் இல்லை. ஆனால் மெயில் முகவரியும் தனிநபர் தரவுதான் என்பதால், அதை எதற்காகப் பயன்படுத்தலாம் என்ற கேள்வியில் அது கை வைக்கிறது. சம்மதம் என்பது கட்டாயமில்லாமல், குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல், நாமே செய்யும் ஒரு தெளிவான செயலால் கொடுத்ததாக இருக்க வேண்டும். முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் இந்தச் சோதனையில் தேறாது. கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வசதி தரவேண்டும். அதாவது இது நடைமுறைக்கு வந்ததும் ஓல்ட் ராஜீந்தர் நகரில் இருந்துகொண்டே அந்த மாணவி, எனக்குத் தமிழில் காட்டு என்று கேட்கலாம்.

சட்டத்துக்குள்ளேயே ஓர் உதாரணம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மருந்துக்கடையில் ஒருவர் மருந்து வாங்குகிறார், ரசீதைப் போனுக்கு அனுப்பச் சொல்லி விவரம் கொடுக்கிறார். கடை அந்த விவரத்தை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம். ரசீதுக்குக் கொடுத்தது ரசீதுக்கு மட்டும். அடுத்த மாதச் சலுகைக்கு அந்த எண்ணையே எடுத்துக்கொள்ள அதில் இடமில்லை.

இந்த எல்லையை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் டெல்லி பார்த்திருக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போட்டால் ஐஆர்சிடிசி-யிலிருந்து பிஎன்ஆர் எண்ணோடு மெயில் வரும். அதற்காகத்தான் முகவரி கொடுக்கிறோம். 2022 ஆகஸ்டில் அந்த நிறுவனம், தன்னிடம் இருக்கும் பயணிகளின் தரவைப் பணமாக்கும் வழி சொல்ல ஆலோசகர் தேவை என்று ஒரு டெண்டர் விட்டது. எதிர்ப்புக் கிளம்பியது, நாடாளுமன்ற நிலைக்குழு கூப்பிட்டுக் கேட்டது, அந்த மாதமே டெண்டர் திரும்பப் பெறப்பட்டது. டிக்கெட்டுக்காகக் கொடுத்த முகவரியை வேறு எதற்கும் தொடாதே என்று மக்கள் குரல் எழுப்பினால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

சட்டத்தில் ஓட்டைகளும் உண்டு. ஒருவர் தானே பொதுவெளியில் போட்டுவைத்த விவரத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் கடையின் பக்கத்தில் நீங்களே மெயில் முகவரியைப் போட்டிருந்தால், அதைச் சுரண்டி எடுத்துப் பட்டியலில் சேர்ப்பவரை இந்தச் சட்டத்தால் பிடிப்பது கடினம். சிறு வியாபாரிகளுக்கு இதுதான் பெரிய இடி. அபராதம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது அரசின் கருவூலத்துக்குத்தான் போகும், தொல்லைப்பட்டவர் கைக்கு வராது. அதோடு, விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. சம்மதம் பற்றிய பகுதி நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம், அதாவது 2027 மே வரை.

அதுவரை அரசைவிடக் கறாராகக் காவல் காப்பது மெயில் நிறுவனங்கள்தான். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு நிபந்தனை போட்டன. கூகுளின் கணக்கில் ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர் மொத்தமாக அனுப்புகிறவர். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று ஏற்பாடுகள் அவரிடம் இருக்க வேண்டும். இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்பதை முதலாவது சொல்லும். வழியில் யாரும் மெயிலைத் திருத்தவில்லை என்பதற்கு இரண்டாவது கையெழுத்துப் போடும். இரண்டும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று மூன்றாவது உத்தரவிடும். விளம்பர மெயிலை ஒரே கிளிக்கில் நிறுத்தும் வசதி வேண்டும், இரண்டு நாளுக்குள் அது நிறைவேற வேண்டும். அமெரிக்கச் சட்டமே இதற்குப் பத்து வேலைநாள் கொடுக்கிறது. கடைசியாக, ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்கள் 0.3 சதவீதத்தை எட்டவே கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது. பத்தாயிரம் பேருக்கு அனுப்பினால் முப்பது பேர் ஸ்பேம் பட்டனை அழுத்தினால் போதும், நிலைமை கெட்டுவிடும். கடையின் பெயர் கெட்ட பட்டியலில் ஏறிவிட்டால் பிறகு பில், ரசீது, வாடிக்கையாளர் கேட்ட பதில் எல்லாமே குப்பைக்குள்தான் போய் விழும்.

ஒருவர் செய்ததற்குக் கூட இருப்பவர்களும் தண்டனை அனுபவிக்க நேரும். 2018 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வேரூன்றிய ஸோஹோ நிறுவனத்தின் டொமைனையே அதைப் பதிவு செய்திருந்த அமெரிக்க நிறுவனம் முடக்கிவிட்டது. ஸோஹோ மெயில் வழியாக மோசடி மெயில் அனுப்பப்பட்டதாக வந்த ஒருசில புகார்கள்தான் காரணம். எங்கோ யாரோ செய்த தப்புக்கு, உலகமெங்கும் அந்தச் சேவையை நம்பித் தொழில் செய்தவர்கள் அலுவலகத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. ஸோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்கும் அளவுக்குப் போனது.

டெல்லியில் புடவைக்கடையோ காபித்தூள் கடையோ நடத்துகிறவருக்கு என்றாவது ஒருநாள் ஓர் அழைப்பு வரும். 'ஐம்பதாயிரம் டெல்லி முகவரி, எல்லாம் வசதியான குடும்பம், சல்லிசான விலை.' வாங்காதீர்கள். அந்தப் பட்டியலில் செத்துப்போன முகவரிகள் இருக்கும். ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிக்கவே வைத்த பொறி முகவரிகளும் இருக்கும். அவை எந்த மனிதருக்கும் சொந்தமில்லை, எந்தக் கடையிலும் எழுதிக் கொடுக்கப்படாதவை. அங்கே மெயில் போனாலே பட்டியல் திருட்டுச் சரக்கு என்று தெரிந்துவிடும். அதற்குப் பதில் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். 'பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புதுச் சரக்கு வந்தால் மெயிலில் சொல்லலாமா?' என்று கேட்டு, சரி என்றவரிடம் மட்டும் எழுதி வாங்குங்கள். முதலில் ஓர் உறுதி மெயில் அனுப்பி, அதில் அவர் லிங்க்கை அழுத்திய பிறகே பட்டியலில் சேருங்கள். அடுத்தவர் முகவரியை விளையாட்டாக எழுதிக் கொடுப்பவர்கள் இதில் வடிகட்டப்படுவார்கள். வருஷத்துக்கு இரண்டு என்று சொல்லிவிட்டு வாரம் இரண்டு அனுப்பினால், அந்தச் சம்மதம் செத்துவிட்டது என்று அர்த்தம். நூறு பேர் இருந்தாலும் போதும். ஐம்பதாயிரம் அந்நியரைவிட அந்த நூறு பேர் கடைக்கு வருவார்கள்.

வாங்குகிற பக்கம் இருப்பவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தெரிந்த கடையின் மெயில் வேண்டாம் என்றால் அடியில் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் லிங்க்கை அழுத்துங்கள். அறிமுகமே இல்லாதவர் அனுப்பியதில் அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அங்கே ஸ்பேம் பட்டன்தான் சரி. ஜிமெயிலில் இன்னொரு வசதி உண்டு. படிவத்தில் முகவரி எழுதும்போது உங்கள் பெயருக்கும் அட் குறிக்கும் நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டு, எந்தக் கடை என்று எழுதிவிடுங்கள். மெயில் வழக்கம்போல உங்களுக்கே வரும். நாளைக்கு அந்த அடையாளத்தோடு நொய்டா ஃபிளாட் வந்தால் முகவரியை விற்றது எந்தக் கடை என்று தெரிந்துவிடும். நிறுத்தவே விடாமல் சுற்றவிடும் நிறுவனம் என்றால், 2023 நவம்பரில் வெளியான ஏமாற்று வடிவமைப்புத் தடுப்பு வழிகாட்டுதல்களின் கீழ் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். மோசடியில் பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

புதிய சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்த பிறகு தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் போகலாம். ஆனால் நேராகப் போக முடியாது. முதலில் அந்த நிறுவனத்திடமே புகார் கொடுக்க வேண்டும். பதில் சொல்ல அதற்கு அதிகபட்சம் 90 நாள் அவகாசம். அதனால் கோபத்தில் மெயிலை டெலீட் செய்துவிடாதீர்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் மூன்று புள்ளியை அழுத்தினால் மூல வடிவத்தைப் பார்க்கும் வசதி வரும். எந்த சர்வரிலிருந்து வந்தது, எஸ்பிஎஃப் தேறியதா என்பதெல்லாம் அதில் தெரியும். அதை ஒரு நகல் எடுத்து வையுங்கள். வேண்டாம் என்று நீங்கள் சொன்ன தேதியையும், அதன்பின் மறுபடி வந்த மெயிலின் தேதியையும் குறித்து வையுங்கள்.